தஞ்சை மராட்டியும் அதன் பெயர்களும்

வாகட்டில் குடியிருக்கும் தமிழர் வீட்டில் பேசும் மொழிக்குப் பெயர் என்ன? தமிழ் என்று நாம் சொல்வோம். நமக்குக் காய்கறி நிறுத்துக் கொடுக்கும் வணிகரைக் கேட்டால் அவர் ‘மதராஸி’ என்று சொல்லக்கூடும். பக்கத்து வீட்டுத் தெலுங்கர் பேசுவதும், எதிர்வீட்டு மலையாளி பேசுவதும் அவருக்கு மதராஸிதான். மதராஸ் மாகாணம் பிரிந்தது; 1969இல் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது; 1996இல் நகரமும் சென்னையாயிற்று. ஆயினும் அந்தப் பழைய பெயர் மட்டும் வடபுலத்துக் கடைத்தெருக்களை விட்டு இன்னும் நீங்கவில்லை.

இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. மொழிகளுக்குப் பெயரிடுவோர் பெரும்பாலும் அயலாரே. வீட்டிற்குள் பேசுவோர்க்கு அது ‘நம் பேச்சு’, அவ்வளவே. பெயர் தேவைப்படுவது வெளியில் நின்று கேட்பவனுக்கு. அவன் தான் நிற்கும் திசையைப் பார்த்தோ, பேசுவோரின் தொழிலைப் பார்த்தோ, அவர்களை ஆளும் அரசனைப் பார்த்தோ ஒரு பெயரை வைத்துவிடுகிறான். ஒரே பேச்சுக்கு நான்கு புறமும் அயலார் இருந்தால் நான்கு பெயர்கள் வந்துவிடுகின்றன.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வாகட்டுக்கு அண்மையில் உள்ள பிம்ப்ரியில், 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது ஊரும் உடைமையும் இழந்து வந்த சிந்தி மக்கள் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுடைய தாய்மொழியில் ‘சிரோ’ என்றால் ஆற்றின் மேற்பகுதி, அதாவது வடக்கு. சிந்து நதியின் மேற்பகுதியிலிருந்து வந்தவர்களின் பேச்சை அவர்கள் ‘சிராயிகி’ என்றனர். வடக்கத்தியார் பேச்சு என்பது பொருள். ஆனால் அந்த வடக்கத்தியார் தம் பேச்சை அப்படி அழைக்கவில்லை. முல்தான் நகரத்தார்க்கு அது முல்தானி. தேரா காஜிகான், தேரா இஸ்மாயில்கான் என்னும் ஊர்ப்பக்கத்தார்க்கு அது தேராவாலி. பகவல்பூர் சமஸ்தானத்தில் ரியாஸதி, அதாவது சமஸ்தானத்துப் பேச்சு. ‘தல்’ என்னும் மணற்பரப்பில் அது தலி. மேற்கே வேறு மொழி பேசுவோர் அதனை ஜட்கி என்றும் ஹிந்த்கி என்றும் குறித்தனர். இந்திய மொழிகளை அளந்தாராய்ந்த கிரியர்ஸன் இவையனைத்தையும் அண்டைப் பேச்சுகளோடு சேர்த்து ‘லஹந்தா’ என்ற பெயரின்கீழ்த் தம் நூல் வரிசையில் 1919ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளியிட்டார். மேற்கு என்பது அதன் பொருள். பேசிய மக்களில் எவரும் அப்பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை! 1960களில் முல்தான் பகுதி எழுத்தாளர்கள் ஒன்றுகூடிச் ‘சராயிகி’ என்னும் பெயரையே எல்லார்க்கும் பொதுவாக ஏற்றனர். தென்புலத்தார் இட்ட திசைப்பெயரே மொழிப்பெயராயிற்று. 1981ஆம் ஆண்டுப் பாகிஸ்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அம்மொழி முதன்முறையாகத் தனி இடம் பெற்றது. பொதுப்பெயர் ஒன்று கிடைத்த பிறகே தனிக் கணக்கும் கிடைத்தது என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி நம் கதைக்கு வருவோம். வேலை தேடித் தமிழகத்திலிருந்து புணேக்கு வந்தவர்கள் நாம். ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இதற்கு நேர்மாறான பயணம் ஒன்று நிகழ்ந்தது. இம்மண்ணின் மொழி தெற்கே சென்று காவிரிக் கரையில் குடியேறியது. அதற்கும் பல பெயர்கள் அமைந்தன. ஆனால் சராயிகிக்கு வாய்த்த நற்பேறு அதற்கு வாய்க்கவில்லை.

புணேயும் சூப்பாவும் ஷாஜி போன்ஸ்லேயின் ஜாகீர்களாக இருந்தன. பீஜப்பூர் சுல்தானின் படைத்தலைவர்களுள் ஒருவரான அவர், 1638இல் நிகழ்ந்த தென்னாட்டுப் படையெடுப்பின் பயனாகப் பெங்களூரையும் பெற்றார். அவருடைய மைந்தர் இருவர் வெவ்வேறு தாய்மார்க்குப் பிறந்தவர்கள். சிவாஜி புணே மலைநாட்டில் வளர்ந்தார்; ஏகோஜி பெங்களூரில் தந்தையின் இடத்தைப் பெற்றார். தஞ்சை நாயக்கர் அரசு 1673இல் மதுரைச் சொக்கநாத நாயக்கரால் வீழ்த்தப்பட்டது. நாயக்கர் குலத்து வாரிசை அரியணையில் ஏற்றிவரும்படி பீஜப்பூர் சுல்தான் ஏகோஜியை அனுப்பினார். ஏகோஜி வந்தார், வென்றார், சிறிது காலத்தில், 1675–76ஆம் ஆண்டளவில், தாமே அரியணையில் அமர்ந்துகொண்டார். 1677இல் சிவாஜி தெற்கே படையுடன் வந்தபோது கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியில் சகோதரர் இருவரும் சந்தித்தனர். தந்தையின் சொத்தில் பங்கு கேட்ட அந்தச் சந்திப்பு இனிதே முடியவில்லை. அவ்வழக்கு வரலாற்றாசிரியர்களுக்கு உரியது. நமக்கு வேண்டியது வேறு. அன்று அவ்விருவரும் ஒரே மராட்டியில்தான் வழக்காடியிருப்பர். அதற்குப் பின் அண்ணனுடைய மராட்டி ஒரு வழியிலும், தம்பியுடைய மராட்டி வேறொரு வழியிலும் சென்றன.

ஏகோஜியோடு வந்தவர்கள் குதிரைவீரர் மட்டுமல்லர். கணக்கர், எழுத்தர், புரோகிதர், வணிகர், தையற்காரர், சாயக்காரர் எனப் பலரும் வந்தனர். பின்வந்த அரசர்கள் காலத்திலும் வந்துகொண்டேயிருந்தனர். அவர்கள் வந்து சேர்ந்த தஞ்சை, வெறும் தமிழ் ஊராக இருக்கவில்லை. நாயக்கர் அரண்மனையில் தெலுங்கு செங்கோல் ஓச்சியது. கோயிலிலும் வயலிலும் தமிழ் வழங்கியது. அந்தணர் வீதியில் வடமொழி ஒலித்தது. நான்காவது மொழியாக வந்து புகுந்தது மராட்டி. வந்த மொழி இருந்த மொழிகளை விரட்டவில்லை. மராட்டிய மன்னர்களே தெலுங்கில் நாடகம் எழுதினார்கள். தமிழ்க் குறவஞ்சிகளை ஆதரித்தார்கள். ஏகோஜியின் மைந்தர் ஷாஜி (1684–1712) ஐந்து மொழிகளில் பாத்திரங்கள் பேசும் நாடகமொன்றைப் படைத்தவர் என்பர்.

அவர் காலத்தில் தஞ்சை அரண்மனையில் மராட்டி நாடகங்களும் இயற்றப்பட்டன. இதனைப் புணே நண்பர்களிடம் நாம் சற்றுப் பெருமையோடு சொல்லலாம். மராட்டி நாடகமேடையின் தொடக்கம் என்று அவர்கள் கொண்டாடுவது, 1843இல் சாங்க்லி நகரில் விஷ்ணுதாஸ் பாவே அரங்கேற்றிய சீதா சுயம்வரத்தை. ‘லக்ஷ்மீ நாராயண கல்யாணம்’ முதலிய தஞ்சை நாடகங்களோ அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முற்பட்டவை. ஆனால் அவை அரண்மனைக்குள்ளேயே நடிக்கப்பெற்று ஏட்டுச்சுவடிகளாய்ச் சரஸ்வதி மகாலில் துயின்றன. பிள்ளை பிறந்த செய்தி பாட்டன் வீட்டுக்கு எட்டாதது போன்ற நிலை இது.

இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் அரசாட்சி கும்பெனியார் கைக்குப் போய்விட்டது. மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும் பட்டமுமே. ஆயினும் மராட்டி எழுத்துக்கு அதுவே பொற்காலம் என்று நான் கருதுகிறேன். தம் குல வரலாற்றை மராட்டி மொழியில் எழுதுவித்து, 1803இல் பெரிய கோயிலின் சுவரில் பொறிக்கச் செய்தார் சரபோஜி. கல்வெட்டு என்றால் நான்கு வரி, பத்து வரி என்று எண்ணுகிறோம். இது சுவரை நிறைத்து ஒரு நூலாகவே நீள்கிறது. இராசராசன் எழுப்பிய கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகளைப் படிக்கச் செல்வோர் நாகரி எழுத்தைக் கண்டதும் கடந்து போய்விடுகிறார்கள். அடுத்தமுறை ஊருக்குச் செல்லும் அன்பர்கள் அங்கே சற்று நிற்கலாம். புணேயில் பேருந்துப் பலகைகளைப் படித்துப் பழகிய கண்களுக்கு அந்த எழுத்து அயலாக இராது. அன்றாடக் கணக்குகளோ நாகரியில் எழுதப்படவில்லை. எழுதுகோலை எடுக்காமல் விரைந்து எழுதுவதற்கு ஏற்ற மோடி எழுத்தில் அவை அமைந்தன. கட்டுக்கட்டாக எஞ்சியுள்ள அந்த மோடி ஆவணங்களிலிருந்துதான் அக்காலத்துச் சத்திரங்களின் அரிசிக் கணக்கும், மருத்துவச் செலவும், நாட்டியக்காரர் ஊதியமும் நமக்குத் தெரியவந்தன. 1981இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது.

1855இல் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். பட்டமும் ஒழிந்தது. அன்றோடு மராட்டி அரசவையை இழந்து வீட்டு மொழியாயிற்று. பெயர்களின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் மராட்டி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். இன்று செய்தித்தாள்களில் ‘மராத்தி’ என்று எழுதுகிறார்கள். தஞ்சைப் பக்கத்துப் பெரியவர்கள் ‘மராட்டி’ என்பார்கள். படித்தவர் எழுதுவது சரி, பாமரர் சொல்வது பிழை என்று எண்ணிவிடக்கூடாது. அம்மொழியாரின் உச்சரிப்பில் அவ்வெழுத்து நாவை மேலே மடித்துச் சொல்லும் டகரத்தின் இனமே; பல்லில் நாவைப் பொருத்திச் சொல்லும் தகரம் அன்று. ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்துத் தமிழில் படித்ததால் வந்த வினை மராத்தி. புணேயை நாம் ‘புனே’ என்று எழுதுவதும் இவ்வாறே. நம்மிடம் ணகரம் இருக்க, அதனை விட்டுவிட்டு ஆங்கிலத்தின் வழியே ஏன் சுற்றி வர வேண்டும்? காவிரிக்கரை உழவர் காதால் கேட்டுச் சொன்ன பெயர் அச்சுக்கூடத்தார் எழுதிய பெயரைவிட மூலத்திற்கு நெருங்கியது.

ஆனால் அயலார் பெரிதும் வழங்கியது இப்பெயரும் அன்று. ‘ராயர் வீடு’, ‘ராயர் பாஷை’ என்பதே ஊர் வழக்கு. ராவ் என்று முடியும் பெயருடையார் அனைவரும் தமிழர்க்கு ராயரே. இதில் ஒரு குழப்பம் உண்டு. தமிழ்நாட்டில் ராயர் எனப்படுவோரில் கன்னடம் பேசும் மாத்வர் பலர். மராட்டி பேசும் தேசஸ்தர் பலர். தேசஸ்தரிலேயே மாத்வரும் உண்டு, ஸ்மார்த்தரும் உண்டு. அயலார் இட்ட ராயர் என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு மொழிகள் ஒளிந்துகொண்டன. பையனுக்குப் பெண் பார்க்கும்போதுதான் இவ்வேறுபாடு வெளிப்பட்டிருக்கும் போலும்!

மூன்றாவது பெயர் ‘ஆரே’. மராட்டியரையும் அவர் மொழியையும் இப்படி அழைப்பது தெலுங்கு நாட்டில் மிகுதி. தென்னிந்தியக் குலங்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் ஆரே என்பது மராட்டியரைக் குறிக்கும் பெயராகவே வருகிறது. தையற்றொழில் செய்வோரின் மராட்டிக்கு, அவர்கள் குலத்தில் தோன்றிய நாமதேவர் என்னும் அருளாளரின் பெயரும், சாயத்தொழில் செய்வோரின் மராட்டிக்குப் பாவ்சார் என்ற குலப்பெயரும் அடையாயின.

கடைசியாக வந்தவை ‘தஞ்சாவூர் மராட்டி’, ‘தக்ஷிணி மராட்டி’ என்பன. வடக்கேயிருந்து பார்த்தவர்க்கும், மகாராஷ்டிரத்தோடு தம்மை ஒப்பிட்டுப் பார்த்த தென்னாட்டவர்க்கும் தேவைப்பட்ட பெயர்கள் இவை. தக்ஷிணி என்றால் தெற்கத்தியது. சிந்து மாநிலத்தார் தம் வடக்கே கேட்ட பேச்சுக்கு வடக்கத்தியது என்று பெயரிட்டது போலவே, இங்குத் தெற்கே போன பேச்சு தெற்கத்தியது ஆயிற்று. ஐதராபாத் பக்கத்துத் தக்கனி உருது வேறு, இது வேறு.

இத்தனை பெயர்கள் இருந்தும் ஒரு பெயரும் நிலைக்கவில்லை. காரணம் எளிது. மராட்டி என்ற பெரும்பெயருக்கு உரிமையாளர் வேறோர் இடத்தில் இருந்தனர். அந்த உரிமை புணேயில் உறுதிப்பட்டது 19ஆம் நூற்றாண்டில். மோல்ஸ்வொர்த்தின் பேரகராதி 1831இல் பம்பாயில் வெளியாயிற்று; பள்ளிக்கூடங்களும் அச்சகங்களும் பெருகின; புணேப் படித்தவர் பேச்சே செம்மையான மராட்டி என்ற மதிப்பு ஏற்பட்டது. தஞ்சையார் இதற்கு முன்பே புறப்பட்டுச் சென்றுவிட்டவர்கள். அவர்கள் பெட்டியில் கொண்டுபோனது 17ஆம் நூற்றாண்டு மராட்டி. அதில் பழமைக் கூறுகள் பல தங்கிவிட்டன என்று மொழியறிஞர் கூறுவர். அதன்மேல் தமிழ்ச் சொற்களும் தமிழ் வாக்கியப்போக்கும் படிந்தன. மராட்டிக்கும் தமிழுக்கும் இயல்பிலேயே சில ஒற்றுமைகள் இருந்தமையால் இவ்விணைப்பு எளிதாயிற்று. கேட்பவரையும் சேர்த்து ‘நாம்’ என்றும், அவரை விலக்கி ‘நாங்கள்’ என்றும் நாம் பிரிப்பது போல மராட்டியார் ‘ஆபண்’ என்றும் ‘ஆம்ஹீ’ என்றும் பிரிப்பர். நம் ளகரமும் அவர்களிடம் உண்டு. வாகட்டில் புதிதாய்க் குடியேறிய தமிழர்க்கு மராட்டி கற்கையில் கைகொடுக்கும் இவ்விரண்டும், அன்று தஞ்சைக்குச் சென்ற மராட்டியர்க்கும் கைகொடுத்திருக்க வேண்டும்.

கிரியர்ஸனாவது இதற்கு ஒரு பெயரிட்டிருக்கலாம். ஆனால் அவருடைய ஆய்வில் மதராஸ் மாகாணமும் மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்களும் சேர்க்கப்படவில்லை. மராட்டிக்கென 1905இல் வந்த தொகுதி, கொங்கணக் கடற்கரையின் சிறு வழக்குகளையெல்லாம் மாதிரிப் பேச்சோடு பதிவு செய்தது. தஞ்சைப் பேச்சுக்கு அத்தகைய இடம் அமையவில்லை. அன்று முதியோர் நாவிலிருந்து பத்துப் பக்கம் எழுதிவைத்திருந்தால் இன்று எத்துணைப் பயன்பட்டிருக்கும்!

மதுரைச் சௌராஷ்டிர மக்களின் நிலையை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர்களையும் அயலார் தொழில் நோக்கிப் பட்டுநூல்காரர் என்றனர். மொழியைப் பட்நூலி என்றனர். அவர்கள் அப்பெயரை ஏற்கவில்லை. சௌராஷ்டிரம் என்பதே தம் மொழிப்பெயர் என்று நிலைநாட்டி, தமக்கென எழுத்தும் பாடநூலும் வகுத்துக்கொண்டனர். கணக்கெடுப்பார் அதனைக் குஜராத்தியின் உட்பிரிவாகவே வைத்தபோதிலும், 2011இல் அப்பெயரின் எதிரே சுமார் 2 லட்சத்து 47 ஆயிரம் பேர் என்ற எண் இருக்கிறது. மராட்டிப் பட்டியலில் ஆரே என்ற பெயர்கூட உட்பிரிவாக வந்ததுண்டு. தஞ்சாவூர் மராட்டி என்று ஒரு வரி கிடையாது. ஆகவே, அதனைப் பேசுவோர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு எவரிடமும் எண் இல்லை.

எண் இல்லை, தடங்கள் உண்டு. தஞ்சையில் மானோஜியப்பா வீதி உண்டு. அருகே மானோஜிப்பட்டி உண்டு. அரண்மனையைச் சேர்ந்த சர்ஜா மாடி உண்டு. கதாகாலட்சேப மேடையில் மராட்டியின் தடம் இன்னும் ஆழமானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மராட்டிக் கீர்த்தனக்காரர் தஞ்சைக்கு வந்து பாடியதைக் கேட்டுத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் தம் கலையை வகுத்தார். ஸாகி, திண்டி, ஓவி, அபங்கம் என்று பாகவதர்கள் பாடும் பாவகைகள் அனைத்தும் மராட்டிப் பெயர்களே. புணேயில் ஆஷாட மாத வாரிக் கூட்டத்தார் பண்டரிபுரம் நோக்கிப் பாடிச் செல்லும் அபங்கத்தைத்தான் கும்பகோணத்துப் பஜனை மடத்திலும் கேட்கிறோம். ஆட்சித்துறையில் கும்பகோணத்து ராஜா சர் மாதவராவ் ஒருவரே போதும். 1828இல் பிறந்த அவர் திருவிதாங்கூருக்கும், பின்னர் இந்தூர், பரோடா என்ற இரண்டு மராட்டிய சமஸ்தானங்களுக்கும் திவானாக இருந்தார்.

எல்லாவற்றினும் உறுதியான தடம் சமையலறையில் இருக்கிறது. தஞ்சை வீடுகளில் செய்யும் ரசவாங்கியைச் சுவைத்திருப்பீர்கள். வாகட்டுச் சந்தையில் கத்தரிக்காய்க் குவியலைக் காட்டி என்ன பெயர் என்று கேளுங்கள், ‘வாங்கீ’ என்பார்கள். டாங்கர் பச்சடி என்று உளுத்தமாவைத் தயிரில் கரைத்துச் செய்கிறோம். டாங்கர் மராட்டியிலும் உளுந்துமாப் பண்டமே. பிட்லையின் கதை இன்னும் சுவையானது. புணேயில் ‘பிட்லே’ என்று கேட்டால் கடலைமாவைக் கிளறிய கூழைப் பாக்கரியோடு வைப்பார்கள். தஞ்சைப் பிட்லையோ பாகற்காயும் பருப்பும் வறுத்தரைத்த மசாலாவும் சேர்ந்த குழம்பு. பெயர் அப்படியே இருக்க, பண்டம் முழுதும் மாறிவிட்டது. சாம்பாருக்குச் சம்பாஜியின் பெயரைச் சேர்த்துச் சொல்லும் கதையும் உண்டு. அதற்குச் சமகாலச் சான்று இல்லை. சுவைக்காகக் கேட்கலாம், சரித்திரமாகக் கொள்ள வேண்டாம். புத்தகத்தில் நாம் தேடும் ‘அட்டவணை’யையும் நினைவு என்று பொருள்படும் மராட்டிச் சொல்லோடு அகராதியார் தொடர்புபடுத்துவர்.

அலுவலின் பொருட்டுத் தஞ்சை மராட்டிக் குடும்பங்களும் இன்று புணேக்கு வருகின்றன. முன்னோர் புறப்பட்ட ஊருக்கே திரும்பி வருகிறார்கள் என்று நாம் நினைக்கலாம். ஆனால் இங்கே அவர்கள் வாய்திறந்ததும், ‘இது எந்த ஊர் மராட்டி?’ என்ற கேள்வி எழுகிறது. கேலியாகக் கேட்போரும் உண்டு. பழைய நூல்களில் படித்த சொல்லை உயிரோடு கேட்கிறோமே என்று வியப்போரும் உண்டு. பிள்ளைகள் பள்ளியில் புணே மராட்டி கற்று, வீட்டிற்கு வந்து பாட்டியைத் திருத்தத் தொடங்குகிறார்கள். தஞ்சையில் தமிழ் முன்னே வந்து வீட்டுப் பேச்சு பின்னே ஒதுங்கியது என்றால், புணேயில் அதன் மூத்த சகோதரியே அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறாள்.

2027ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டுள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தாய்மொழி யாது என்ற கேள்வி இவ்வீடுகளிலும் கேட்கப்படும். வீட்டார் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வது கணக்கெடுப்பாளர் கடமை. மராட்டி என்று சொன்னால், 2011இல் 8 கோடியே 30 லட்சமாக இருந்த பெருங்கூட்டத்தில் அவர்கள் எண்ணப்படுவார்கள். பழக்கத்தால் தமிழ் என்று சொல்பவர்கள் நம்மோடு எண்ணப்படுவார்கள். தஞ்சாவூர் மராட்டி என்று சொல்பவர்கள் நாடு முழுவதும் பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் இருந்தால்தான், இதுவரை வந்த முறைப்படி, அப்பெயர் அச்சில் ஏறும்.